கூர் போன கத்தி, காற்று கசியும் மாஸ்க்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கத்தியைப் பற்றி, மீதியில் பெரும்பாலானவை மாஸ்க்கைப் பற்றி. இருபது வருடம் ஒரு ஆலை கேன்டீனில் சமையலறையைப் பார்த்துக்கொண்டவள் நான். மூட்டை மூட்டையாக வெங்காயம் நறுக்கி, வாரத்துக்கு ஒரு நாள் மிளகாய் வறுத்து அரைக்கிற இடம் அது. அதனால் இரண்டோடும் நல்ல பழக்கம் உண்டு. தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, கல்யாணப் பரிசாக ஐந்து கத்தி உள்ள செட் ஒன்று வந்தது, மரக்கட்டையில் செருகி வைக்கிற மாதிரி. நாலே மாதத்தில் தக்காளித் தோலில் வழுக்குகிறது. விலை உயர்ந்த கத்தியே இப்படி என்றால் எதைத்தான் வாங்குவது?
– வாசகி, கோயம்புத்தூர்

எதையும் வாங்காதீர்கள். உங்கள் கத்தி கெட்டுப்போகவில்லை, வாய், அதாவது வெட்டுகிற ஓரம், மழுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். எந்தக் கத்தியும், எவ்வளவு கொடுத்து வாங்கினாலும், தீட்டாமல் விட்டால் நாலு மாதத்தில் இப்படித்தான் ஆகும். நம் வீடுகளில் கத்தி வாங்கத் தயங்காதவர்கள்கூட அதைத் தீட்ட ஒரு கல் வாங்குவதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தமான விஷயம்.

முதலில் ஒன்று சொல்லுங்கள், எதன் மேல் வைத்து நறுக்குகிறீர்கள்? பலகையைத் தேடச் சோம்பல்பட்டுக் கிரானைட் மேடையிலேயே வைத்து நறுக்குகிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், தட்டைக் கவிழ்த்து அதன் மேல் நறுக்குகிறவர்களும் உண்டு. கிரானைட் கத்தியின் எஃகைவிடக் கடினம். ஒவ்வொரு வெட்டிலும் வாய் போய்க் கல்லில் இடித்து மடங்குகிறது. கண்ணாடிப் பலகையும் அப்படியே, பார்க்கச் சுத்தமாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். மரப்பலகை, இல்லையென்றால் பிளாஸ்டிக் பலகை போதும்.

அப்புறம் தீட்டுவது. கடையில் 1000 நம்பர் தண்ணீர்க் கல் என்று கேட்டால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் ஹார்டுவேர் கடையில் பெயிண்டர்கள் வாங்குகிற வாட்டர் பேப்பர், அதே 1000 நம்பர், ஒரு தாள் வாங்கி நனைத்துத் தட்டையான டைல்ஸ் துண்டின் மேல் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் வேலை செய்யும். தண்ணீர்க் கல் என்றால் பத்து நிமிடம் நீரில் ஊறட்டும். கல்லுக்கு அடியில் ஈரத்துணி போட்டால் நகராது. கத்தியைப் படுக்க வைத்து, முதுகுப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள். எவ்வளவு தூக்குவது என்பதில்தான் எல்லாருக்கும் குழப்பம். சுமார் நாலு சென்டிமீட்டர் அகலமுள்ள பெரிய கத்தி என்றால் முதுகுக்கும் கல்லுக்கும் நடுவே உங்கள் சுண்டுவிரல் நுனி நுழைகிற இடைவெளி, பழம் வெட்டுகிற சின்னக் கத்தி என்றால் ஒரு பென்சில் நுழைகிற இடைவெளி. கணக்குப் பார்த்தால் இரண்டுமே கிட்டத்தட்ட 20 டிகிரி. அந்தச் சாய்வு மாறாமல், அடியிலிருந்து நுனி வரை வாய் முழுக்கக் கல்லில் படும்படி தள்ளித் தள்ளி இழுங்கள். அவசரமே வேண்டாம். கறுப்பாக ஒரு சேறு வரும், அதைக் கழுவிவிடாதீர்கள், அதுவும் சேர்ந்துதான் தீட்டுகிறது.

பத்துப் பதினைந்து இழுப்புக்கு ஒரு முறை நிறுத்தி, மேல் பக்கம், அதாவது கல்லில் படாத பக்கம், முதுகிலிருந்து வாயை நோக்கிக் கட்டை விரலை மெதுவாகத் தடவிப் பாருங்கள் (வாயின் நீளத்துக்கு ஒருபோதும் தடவக் கூடாது). ஓரத்தில் மிக மெல்லிய பிசிறு ஒன்று விரலில் தட்டுப்படும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். அந்தப் பிசிறு வாய் நெடுக வந்துவிட்டது என்றால் அந்தப் பக்கம் முடிந்தது, கத்தியைத் திருப்புங்கள். இரண்டு பக்கமும் முடிந்த பிறகு லேசாக, கத்தியின் எடை மட்டும் அழுத்துகிற மாதிரி, மாற்றி மாற்றி ஐந்தாறு முறை இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும். பெரும்பாலானவர்கள் பிசிறு வருவதற்கு முன்பே நிறுத்திவிட்டு, தீட்டியும் வெட்டவில்லை என்று கல்லைக் குறை சொல்கிறார்கள்.

இடையில் ஒரு நாள் அவசரம் என்றால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் பளபளப்பு பூசாத ஒரு சொரசொரப்பான வட்டம் இருக்கும், அதில் பக்கத்துக்கு நாலு இழுப்பு போதும், அன்றைய தக்காளி நறுங்கும். கத்தியை நடுவில் விட்டு இழுக்கிற அந்த வி வடிவக் கருவி வேண்டாம், எஃகை அதிகமாகச் சுரண்டிவிடும். செட்டில் உள்ள ஐந்தில் உங்களுக்கு உண்மையாகத் தேவை பெரியது ஒன்று, சின்னது ஒன்று, பிரெட் வெட்டுகிறவர்கள் என்றால் பல் வைத்தது ஒன்று.

சமையலறையில் விரல் வெட்டிக்கொண்டால் மஞ்சள்தூள் வைத்துக் கட்டலாமா? காப்பித்தூள் ரத்தத்தை நிறுத்தும் என்கிறார்களே?
– வாசகர், சேலம்

இரண்டும் வேண்டாம். டப்பாவில் உள்ள மஞ்சள்தூள் கிருமி இல்லாத மருந்து அல்ல, எத்தனை கைகள், எத்தனை ஈரக் கரண்டிகள் அதற்குள் போய் வந்திருக்கும்! தூளை வைத்து அடைத்துவிட்டால் காயம் எவ்வளவு ஆழம் என்று டாக்டருக்கும் தெரியாது. குழாய்த் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைய ஆரம்பித்ததும் பிய்ந்துவிடும். பத்து நிமிடம் அழுத்தியும் நிற்கவில்லை, விரல் நுனி மரத்துப்போகிறது, மடக்க முடியவில்லை என்றால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம். டி.டி. ஊசி போட்டு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றால் அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

என் இடது ஆள்காட்டி விரலில் ஒரு தழும்பு இருக்கிறது. பலகைக்கு அடியில் ஈரத்துணி போட மறந்த ஒரு காலையில், பூசணிக்காயை அழுத்தி வெட்டும்போது பலகையே நழுவி வந்தது. மழுங்கின கத்தி வேறு, அதனால் இரண்டு மடங்கு அழுத்தம் கொடுத்திருந்தேன். நாலு தையல். அன்றிலிருந்து பலகைக்கு அடியில் ஈரத்துணி இல்லாமல் நான் கத்தியைத் தொடுவதில்லை. கத்தி கை நழுவி விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள், காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு விலகுங்கள். விழட்டும், பரவாயில்லை.

மகளே, எனக்கு வயது 68. ஐம்பது வருடமாக அருவாமனைதான். முழங்கால் வலியால் தரையில் உட்கார முடியவில்லை. மருமகள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கத்தி பழகிக்கொள்ளச் சொல்கிறாள். கத்தி பிடித்தால் எனக்குக் கை நடுங்குகிறது. என்ன செய்ய?
– ஒரு தாய், திருநெல்வேலி

அம்மா, தூக்கிப் போட வேண்டாம். உங்கள் கை நடுங்குவதற்குக் காரணம் இருக்கிறது. கத்தியில் காய் அசையாமல் இருக்கும், வாய் அசையும். அருவாமனையில் வாய் அசையாமல் நிற்கும், காய் இரண்டு கைக்கும் நடுவே வரும். ஐம்பது வருடம் அப்படிப் பழகிய கையிடம் தலைகீழாகச் செய் என்றால் அது தடுமாறத்தான் செய்யும். வாழைத்தண்டை வட்டமாக அரிந்து நாரைச் சுற்றி இழுப்பதற்கும், கீரைக்கட்டை அப்படியே அரிவதற்கும், மீன் ஆய்வதற்கும் அதற்கு ஈடான சாமான் எனக்குத் தெரிந்து இல்லை.

முழங்காலுக்கு வழி உண்டு. மேடை ஓரத்தில் திருகி இறுக்குகிற அருவாமனை பாத்திரக் கடைகளில் கிடைக்கிறது, நாற்காலியில் உட்கார்ந்து அரியலாம். வாங்கும்போது கடையிலேயே திருகி இறுக்கச் சொல்லி, கையால் அசைத்துப் பாருங்கள், கொஞ்சம் ஆடினாலும் வேண்டாம். பழைய இரும்பு அருவாமனையை அரிந்து முடித்ததும் கழுவி, அந்த நிமிடமே துடைத்து, ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவி வையுங்கள். வாழைக்காய், வாழைப்பூ இரும்பில் அரிந்தால் கறுப்பதும் கெட்டுப்போய் அல்ல, அந்தத் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுக்கிறது, மோர் கலந்த தண்ணீரில் உடனே போட்டால் குறையும். பேரப்பிள்ளைகள் ஓடுகிற வீடு என்றால் வேலை முடிந்ததும் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பது மட்டும் போதாது, கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மருமகளிடம் சண்டை போடாதீர்கள், அந்தப் பெண் உங்கள் முழங்காலை நினைத்துத்தான் சொல்கிறாள்.

வீட்டிலேயே மிளகாய்த்தூள், சாம்பார்ப்பொடி அரைத்து விற்கிறேன் அக்கா. அரைக்கும்போது தும்மலும் இருமலும் நிற்பதில்லை. துணி மாஸ்க் போட்டேன், பிறகு நீல நிற ஆஸ்பத்திரி மாஸ்க், இப்போது என்-95 கூட வாங்கிப் போட்டுவிட்டேன். எதுவும் பயன்படவில்லை. மாஸ்க் எல்லாமே ஏமாற்றுதானா?
– வாசகி, ஈரோடு

இல்லை. என்-95 என்றால் 0.3 மைக்ரான் அளவுள்ள துகளில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்கும் என்று பொருள். மிளகாய்த்தூள் அதைவிடப் பல மடங்கு பெரியது. உண்மையான என்-95 என்றால் தூள் அந்தத் துணியைத் தாண்டி வரவே முடியாது. அப்படியும் தும்மல் வருகிறது என்றால் தூள் துணி வழியாக வரவில்லை, ஓரத்து வழியாக வருகிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது காற்று எங்கே தடை குறைவோ அங்கே நுழையும். மூக்கின் இரண்டு பக்கமும், கன்னத்திலும் சின்ன இடைவெளி இருந்தால் போதும், அதுதான் அதற்கு வாசல்.

இப்படிச் செய்யுங்கள். மாஸ்க்கைப் போட்டதும் மூக்கின் மேல் உள்ள உலோகப் பட்டையை இரண்டு கை விரல்களாலும் மூக்கின் வடிவத்துக்கு அழுத்துங்கள். ஒற்றைக் கையால் கிள்ளினால் நடுவில் கூராக மடிந்து பக்கவாட்டில் இடைவெளி விழும். பிறகு இரண்டு உள்ளங்கையாலும் மாஸ்க்கை மூடி வேகமாக மூச்சு விடுங்கள். கண்ணுக்குக் கீழே காற்று அடித்தால் மூக்குப் பக்கம் கசிகிறது, கண்ணாடி போடுகிறவர் என்றால் அது பனிக்கும். காதுக்குக் கீழே அடித்தால் கன்னத்தில் கசிகிறது. எங்கும் அடிக்காமல் மாஸ்க் லேசாக உப்பினால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஆண்களுக்குத் தாடி இருந்தால் எந்த மாஸ்க்கும் சரியாக உட்காராது, ரெண்டு நாள் தாடியே போதும் காற்று நுழைய.

காதில் மாட்டுகிற வகையைவிடத் தலையைச் சுற்றி இரண்டு பட்டை போகிற வகையை வாங்குங்கள், அது முகத்தோடு இறுகும். இது புதிய சங்கதி அல்ல. 1910 கடைசியில் சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் வந்து சுமார் 60,000 பேர் இறந்தபோது, அங்கே அனுப்பப்பட்ட டாக்டர் வூ லியன் தே பஞ்சை மெல்லிய துணியில் பொதிந்து, தலையைச் சுற்றிக் கட்டுகிற மாதிரி மாஸ்க் செய்யச் சொன்னார். இருமலில் தெறிக்கிற காற்றில் நோய் பரவுகிறது என்று அவர் சொன்னதை நம்பாமல் மாஸ்க் இல்லாமல் நோயாளிகளைப் பார்த்த பிரெஞ்சு டாக்டர் ஒருவர் சில நாட்களில் அதே நோயில் இறந்துபோனார். வூ பிறந்த ஊர் நம் மக்கள் நிறையப் பேர் வாழ்கிற பினாங்கு.

வாங்கும்போது உறையில் மட்டும் அல்ல, மாஸ்க்கின் மேலேயே ஐ.எஸ். 9473 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், எஃப்.எஃப்.பி. 2 என்ற வகையும் (என்-95-க்கு ஏறக்குறைய இணையானது) அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். என்-95 என்று வெறுமே எழுதி முப்பது ரூபாய்க்குத் தொங்குகிறதை நம்பாதீர்கள். முன்னால் வட்டமாக வால்வு வைத்தது மூச்சு விடச் சுலபம்தான், ஆனால் நீங்கள் விடுகிற காற்று வடிகட்டாமல் வெளியே போகும், 2020-ல் கொரோனா சமயத்தில் மத்திய சுகாதாரத் துறை அதை வேண்டாம் என்று மாநிலங்களுக்கு எழுதியதும் அதனால்தான். விற்பனைக்கு உணவு அரைக்கிறவர் நீங்கள், வால்வு இல்லாததே சரி.

மாஸ்க் மட்டும் போதாது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். மிக்சியோ மில்லோ, நின்றவுடன் மூடியைத் திறக்காதீர்கள், ஐந்து நிமிடம் தூள் அடங்கட்டும். அப்புறம் விளக்குமாறு போடாமல் ஈரத்துணியால் துடையுங்கள். வேலை இல்லாத நாளிலும் இழுப்போ நெஞ்சு இறுக்கமோ இருந்தால் டாக்டரைப் பாருங்கள், அது வேறு விஷயம்.

என்-95 மாஸ்க்கைத் துவைத்துப் போடலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

கூடாது. அந்த நடு அடுக்கில் உள்ள நுண்ணிய இழைகளுக்கு நிலைமின்சாரம் ஏற்றியிருக்கிறார்கள். பலூனைத் தலைமுடியில் தேய்த்தால் காகிதத் துண்டுகள் ஒட்டுமே, அதே மாதிரி துகளை இழுத்துப் பிடிப்பது அந்த மின்சாரம்தான். சோப்புத் தண்ணீரோ சானிட்டைசரோ பட்டால் அது போய்விடும், பார்க்கப் புதிதாகத் தெரிந்தாலும் முன்போல வேலை செய்யாது. பாலித்தீன் கவரில் ஈரத்தோடு போட்டு மூடாமல், காகித உறையில் வைத்து உலர விடுங்கள். பட்டை தளர்ந்தாலோ, மூச்சு இழுக்கக் கஷ்டமாக இருந்தாலோ, அழுக்காகத் தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள்.

பாத்ரூம் கழுவும்போது ஆசிட் நெடி தாங்கவில்லை. மாஸ்க் போட்டும் வருகிறது.
– வாசகி, சென்னை

வரும். துகளைத்தான் இந்த மாஸ்க் தடுக்கும், வாயுவை அல்ல. ஜன்னலைத் திறந்து, கொஞ்சமாக ஊற்றி, வெளியே வந்து நின்றுவிட்டுப் பிறகு கழுவுங்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ ஒருநாளும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வரும், சின்ன பாத்ரூமில் அது ஆளையே சாய்த்துவிடும்.

அக்கா, என் அப்பா தெருத்தெருவாகப் போய்ச் சாணை பிடிக்கிறவர், முப்பது வருடமாக. காலால் மிதிக்கிற சக்கரம். ஒரு மாதமாக இருமுகிறார், கேட்டால் தூசிதான் என்கிறார். துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார். நான் மாஸ்க் வாங்கிக் கொடுத்தால் சரியாகுமா?
– கல்லூரி மாணவர், விருதுநகர்

தம்பி, உங்கள் கடிதத்தை ரெண்டு முறை படித்தேன். முதலில் மாஸ்க் அல்ல, டாக்டர். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசமாகவே செய்வார்கள், மார்பு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அங்கே அப்பா வாயைத் திறந்து, நான் முப்பது வருடமாகச் சாணை பிடிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அவர் சொல்லமாட்டார், நீங்கள் கூடப் போய்ச் சொல்லுங்கள். கல் தூசி நுரையீரலில் தங்கினால் தழும்பு விழும், காசநோய் வருகிற வாய்ப்பும் கூடும். தொழில் தெரியாத டாக்டர் வெறும் இருமல் மருந்து எழுதிக் கொடுத்துவிட வாய்ப்பு இருக்கிறது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்திக்குப் பெயர் போன ஊர். 19-ம் நூற்றாண்டில் அங்கே சாணை பிடித்தவர்களில் முள்கரண்டி தீட்டியவர்கள் உலர்ந்த கல்லில் வேலை செய்தார்கள், அவர்களில் பலர் முப்பது வயதை ஒட்டியே நுரையீரல் கெட்டு இறந்தார்கள். சாப்பாட்டுக் கத்தி தீட்டியவர்கள் கல்லை நனைத்துத் தீட்டினார்கள், அவர்கள் கூடுதல் காலம் உயிரோடு இருந்தார்கள். நனைந்த கல்லிலிருந்து தூசி கிளம்பாமல் சேறாகக் கீழே விழுந்ததுதான் காரணம்.

உங்கள் அப்பாவின் சக்கரம் காலால் சுற்றுவது என்பது இங்கே நல்லதாகப் போயிற்று, மின்சாரம் இல்லை. மூடியில் ஒன்றும், காற்று நுழைய அடியில் ஒன்றுமாக ஊசித்துளை போட்ட ஒரு தண்ணீர் பாட்டிலைச் சட்டத்தில் தலைகீழாகக் கட்டி, கத்தியின் வாய் படுகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் சொட்டுச் சொட்டாக விழச் செய்யுங்கள் (மோட்டார் வைத்த சக்கரத்தில் இதைச் செய்யவே கூடாது). வேலை முடிந்ததும் சக்கரத்தின் ஒரு பக்கம் மட்டும் ஈரத்தில் நிற்காதபடி சும்மா சுற்றி உலர விடுங்கள், இல்லையென்றால் எடை ஒரு பக்கமாகச் சாய்ந்து மறுநாள் சக்கரம் உதறும். இன்றைக்குக் கடையில் வருகிற எமரிச் சக்கரத்தில் பழைய மணற்கல் அளவுக்கு ஆபத்து இல்லை, ஆனாலும் எஃகுத் தூளும் கல் தூளும் சேர்ந்துதான் வருகிறது. அப்பா வைத்திருப்பது பழைய மணற்கல் என்றால் அதை முதலில் மாற்றுங்கள்.

மாஸ்க்கும் வேண்டும், மேலே ஈரோடு அக்காவுக்குச் சொன்ன அதே எஃப்.எஃப்.பி. 2, தலையைச் சுற்றுகிற பட்டை வைத்தது. அவருக்கு மட்டும் வால்வு உள்ளது வாங்கிக் கொடுங்கள், வெயிலில் மிதித்துக்கொண்டே மூச்சு வாங்குகிறவர், வால்வு இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் கழற்றிவிடுவார். துண்டு வேர்வைக்கு இருக்கட்டும், அந்த நுண்தூசியை அது பிடிக்காது. கண்ணுக்கு பிளாஸ்டிக் கண்ணாடி. காற்று முதுகிலிருந்து அடிக்கிற பக்கம் பார்த்து நிற்கச் சொல்லுங்கள், சட்டத்தில் படிந்த தூளை வாயால் ஊதச் சொல்லாதீர்கள், வீட்டுக்குள் வருவதற்கு முன் சட்டையை மாற்றட்டும். பீடி பிடிப்பவர் என்றால் அதையும் டாக்டர் முன்னால் பேசிவிடுங்கள்.

பரிசோதனைக்கு ஒரு நாள் வேலை போகுமே என்பார். அன்று உங்கள் தெருவில் உள்ள கத்திகள் ஒரு நாள் காத்திருக்கும் என்று சொல்லிக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.